நூஸ் என்பது உணர்ச்சி மட்டும்தானா?

வேதாகமத்தில் பவுல் எழுதிய ரோமர் நிருபம் 12:2-ல் வரும் 'நூஸ்' என்ற கிரேக்கச் சொல்லுக்கு, நான் வாசித்த ஒரு கட்டுரையில் 'உள்ளத்து உணர்ச்சி' என்று பொருள் சொல்லியிருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அவரே எழுதிய 1 கொரிந்தியர் 14-ஐ எடுத்துப் பாருங்கள். அந்நியபாஷையில், அதாவது பேசுகிறவருக்கே அர்த்தம் புரியாத பாஷையில் ஜெபித்தால் என் ஆவி ஜெபிக்கிறது, ஆனால் நூஸ் பயனில்லாமல் கிடக்கிறது என்கிற பவுல், அப்புறம் சபையில் அப்படிப் பேசும் பதினாயிரம் வார்த்தைகளைவிட நூஸோடு பேசும் ஐந்து வார்த்தைகளே மேல் என்று அடித்துச் சொல்கிறார். புரிந்து பேசுவதுதான் அங்கே விஷயம். நம் பழைய தமிழ் வேதாகமத்தில் இதே சொல் ரோமரில் 'மனம்', கொரிந்தியரில் 'கருத்து', பிலிப்பியர் 4:7-ல் 'புத்தி' என்று வருவதால் வாசிப்பவர்களுக்கு இவை ஒரே சொல் என்பது தெரியாமலே போய்விடுகிறது. லூக்கா 24:45-ல் இயேசு சீஷர்களுக்குத் திறந்ததும் இந்த நூஸைத்தான், அதுவும் வேதவாக்கியங்களைப் புரிந்துகொள்வதற்காக. அப்படியிருக்க, யோசிக்காமல் விசுவாசி என்று எதை வைத்துப் பிரசங்கிக்கிறார்கள்?