21 நாள் கணக்கு: ஒரு திருத்தம்

அனுப்பும் முன் மின்னஞ்சலை ஒருமுறை படித்துப் பார்ப்பது போன்ற சின்னப் பழக்கம், 21 நாள் செய்தால் தானாகவே ஒட்டிக்கொள்ளும் என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். அந்தக் கணக்கு சரியில்லை. பிளாஸ்டிக் சர்ஜன் மேக்ஸ்வெல் மால்ட்ஸ் 1960-இல் எழுதியது, மாறிய முகம் போன்ற புதிய பிம்பம் மனதில் பதிய ‘குறைந்தது’ சுமார் 21 நாள் ஆகும் என்பதைத்தான். பகிரப் பகிர அந்தக் ‘குறைந்தது’ உதிர்ந்துவிட்டது.

லண்டனில் பிலிப்பா லாலி குழு 96 பேரை வைத்துச் செய்த ஆய்வில், ஒரு பழக்கம் தானாக வர ஆகும் காலம் ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை வந்தது. ஒரு நாள் தவறினாலும் பெரிய பாதிப்பில்லை. அதனால், 22-ஆம் நாள் படித்துப் பார்க்க மறந்து, இணைப்புக் கோப்பு இல்லாமல் மின்னஞ்சல் போய்விட்டால், ‘எனக்கு ஒழுங்கே வராது’ என்று தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

லாலி பெயரோடு ‘ஹேபிட் ஃபார்மேஷன்’ என்று ஆங்கிலத்தில் தேடிப் பாருங்கள். கட்டுரைச் சுருக்கத்திலேயே இந்த எண்கள் இருக்கின்றன.