முன்பின் தெரியாதவரும் தெரிந்தவர் ஆகிவிடுகிறார்

வயதானால் முகங்கள் மறந்துபோகும் என்று மட்டும் நான் படித்த ஒரு கட்டுரை சொல்கிறது. எங்கள் வீட்டில் கதை நேர்மாறு. அப்பாவுக்கு 78 வயது. போன மாதம் ஒரு கல்யாண மண்டபத்தில் முன்பின் பார்த்திராத ஒருவரைப் பிடித்து, "நீங்க தாலுகா ஆபீஸ்ல இருந்தீங்கள்ல?" என்று அரைமணி நேரம் பேசிக்கொண்டிருந்தார். அந்த மனிதரும் பாவம், தலையாட்டிக்கொண்டே இருந்தார்.

ஆய்வுகளும் இதைத்தான் சொல்கின்றன. ஏற்கெனவே பார்த்த முகத்தை முதியவர்கள் பெரும்பாலும் சரியாகவே சொல்லிவிடுகிறார்கள். புதிய முகத்தைப் பார்த்து 'எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கே' என்று ஏமாறுவதுதான் வயதோடு கூடுகிறது. பழகிய முகம் என்ற உணர்வு தங்கிவிடும், எங்கே, எப்போது என்ற விவரம் நழுவிவிடும்.

அப்புறம், இது அறுபதில் திடீரென்று வருவதும் இல்லை. புதிய முகங்களை மனதில் பதிக்கும் திறன் முப்பதைத் தாண்டியதும் உச்சம் தொட்டு, பிறகு மெல்ல இறங்குவதாக 2011-இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று காட்டியது. முகமே மறந்துபோவது வேறு, முகம் தெரிந்தும் பெயர் வராமல் தவிப்பது வேறு விஷயம், அந்தக் கட்டுரை இரண்டையும் குழப்பியிருக்கிறது.

பெற்ற பிள்ளையையே அடையாளம் தெரியவில்லை என்றால் சரி, உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும். மற்றபடி முதலில் கண்புரை இருக்கிறதா என்று பாருங்கள். அப்பாவுக்கு ஒரு கண்ணில் ஆபரேஷன் முடிந்ததும் பாதி 'தாலுகா ஆபீஸ்காரர்கள்' காணாமல் போய்விட்டார்கள்.