கைப்பேசியைப் பிடுங்குவதற்கு முன்

தைப்பூசத்தன்று பத்துமலையில் பால்குடம் ஏந்திச் சென்ற என் அண்ணன் மகளைக் கூட்டத்தில் யாரோ படம் எடுத்திருக்கிறார்கள். வியர்வை வழிய, கண்கள் பாதி மூடி, வாய் சற்றே திறந்திருந்த அந்த முகம் சில வாரங்களில் அவளுடைய வகுப்பின் புலன (வாட்ஸ்அப்) குழுவில் ஸ்டிக்கராகிவிட்டது. யாராவது வீட்டுப்பாடத்தைப் பற்றிக் கேட்டால் அந்த முகம்தான் பதிலாக வரும். அடியில் ‘கறுப்பி’ என்று எழுதியிருந்தார்கள்.

இரண்டு மாதங்கள் அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, செந்தூலில் எங்கள் வீட்டுச் சமையலறையில் எனக்குக் கீரை ஆய்ந்து கொடுத்துக்கொண்டே சொன்னாள். சொல்லி முடித்ததும், “அத்தை, அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, போனைப் பிடுங்கிருவாரு” என்றாள். ஸ்டிக்கரைவிட அந்த வாக்கியம்தான் என்னை அதிகம் வருத்தியது. பகடிவதைக்கு ஆளான பிள்ளைக்கு நாம் முதலில் செய்வது, அவளுக்கு இருக்கும் இரண்டொரு நல்ல தோழிகளோடும் அவள் பேச முடியாதபடி கைப்பேசியை வாங்கி அலமாரியில் பூட்டுவதுதான் என்றால், அது அவளுக்குத் தண்டனையாகத்தானே தெரியும்? அடுத்த முறை ஏதேனும் நடந்தால் அவள் நம்மிடம் வரவே மாட்டாள்.

அண்ணனிடம் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை. அவர் கைப்பேசியைப் பிடுங்கவில்லை; அதைவிட மோசமான ஒன்றைச் செய்தார். கோபத்தில் அந்த ஸ்டிக்கரைப் பெற்றோர் குழுவிலேயே போட்டு, “யார் பிள்ளை செய்த வேலை இது?” என்று கேட்டுவிட்டார். ஒரு வகுப்பு மட்டும் பார்த்திருந்ததை அன்றிரவு எல்லா வீடுகளும் பார்த்தன. பக்கத்தில் இருந்தும் அவரைத் தடுக்காமல் விட்டது என் தவறு.

மறுநாள் பள்ளிக்குப் போனோம். கட்டொழுங்கு ஆசிரியர் மலாய்க்காரர், பொறுமையாகத்தான் கேட்டார். ஆனால் குழுவில் வந்த வசவுகள் எல்லாம் ஆங்கில எழுத்தில் எழுதப்பட்ட தமிழ். அவருக்கு அவை வெறும் எழுத்துக் கோவை. ‘கறுப்பி’யை நாங்கள் வாய்மொழியாக, மலாயில் கறுப்பு என்று பொருள்படும் ‘ஈத்தாம்’ என்று பெயர்த்துச் சொன்னபோது, நிறத்தைத்தானே சொல்லியிருக்கிறார்கள், பிள்ளைகளின் விளையாட்டு என்றார். அந்தச் சொல்லை யார், எப்போது, எத்தனை முறை, எந்தத் தொனியில் சொன்னார்கள் என்பதெல்லாம் மொழிபெயர்ப்பில் உதிர்ந்துபோயிருந்தது. அன்று மாலை உட்கார்ந்து ஒவ்வொரு செய்திக்கும் எதிரே மலாயில் பொருளையும், அது எவ்வளவு இழிவானது என்பதையும் எழுதினேன். நாற்பதுக்கும் மேல் வந்தன. அந்தத் தாள்களைப் பார்த்த பிறகுதான் ஆலோசக ஆசிரியர் சம்பந்தப்பட்ட மாணவர்களைத் தனித்தனியாக அழைத்துப் பேசினார். தேசிய இடைநிலைப்பள்ளிகளில் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் தமிழ்ப் பெற்றோர் இந்த ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சான்றுகளைச் சேமிப்பதில் தாமதம் கூடாது. புலனத்தில் அனுப்பியவரே செய்தியை எல்லோருக்கும் அழித்துவிடலாம். மறையும் செய்திகள் அமைப்பை வைத்திருந்தால் 24 மணி நேரம், 7 நாள் அல்லது 90 நாளில் அவை தாமாகவே போய்விடும். திரைப்பிடிப்பில் நாளும் நேரமும் அனுப்பியவரின் எண்ணும் தெரிய வேண்டும். பிள்ளை தன் கைப்பேசியில் ‘லூசு’ என்று சேமித்து வைத்திருக்கும் பெயர் மட்டும் தெரிந்தால் அது எதற்கும் உதவாது.

காவல் நிலையத்திற்குப் போகலாமா என்று பலர் கேட்டார்கள். 2024இல் கோலாலம்பூரில் நம் இனப் பெண் ஒருவர் இணைய வசைகளுக்குப் பின் உயிரை மாய்த்துக்கொண்டபோது, வசைபாடியவர்களில் ஒருவருக்குக் கிடைத்த அபராதம் 100 வெள்ளி (ரிங்கிட்). அதன் பிறகு குற்றவியல் சட்டத்தில் 507பி முதலிய பிரிவுகள் சேர்க்கப்பட்டு, 2025 ஜூலை 11 முதல் நடப்பில் உள்ளன. துன்புறுத்தும் நோக்கத்துடன் மிரட்டிப் பேசினாலோ இழிவாகப் பேசினாலோ மூன்று ஆண்டுகள் வரை சிறை உண்டு. மிரட்டல், அந்தரங்கப் படம், ‘செத்துப் போ’ என்ற தூண்டுதல் ஆகியவற்றில் எது வந்தாலும் ஒரு நாள்கூடக் காத்திருக்காமல் புகார் செய்ய வேண்டும். பிள்ளை தன்னையே வெறுத்துப் பேசத் தொடங்கினால் தாலியான் காசே உதவித் தொலைபேசிச் சேவையை 15999 எண்ணில் உடனே அழைக்கலாம். ஆனால் பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் செய்த ஸ்டிக்கருக்குக் காவல்துறைதான் முதல் படி என்பதை நான் ஏற்கவில்லை. செய்த பிள்ளைகளும் நம் தாமானில், நம் குடியிருப்பில் வளர்கிறவர்கள்தாம்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ‘கறுப்பி’ என்ற சொல்லை அவளுடைய வகுப்பு கண்டுபிடிக்கவில்லை. அவள் பிறந்த நாளிலிருந்து எங்கள் அம்மா கொஞ்சி அழைத்த பெயர் அது. பிறந்தநாள் விழாவுக்கு வந்த ஒரு தோழி அதை வீட்டில் கேட்டுவிட்டுப் போயிருக்கிறாள். அண்ணன் அம்மாவிடம் பேசினார். அம்மாவுக்குப் புரிந்தது, ஆனால் எண்பது வயது நாக்கு பழக்கத்தை விடவில்லை. போன வாரமும் சாப்பிடக் கூப்பிடும்போது பாதிச் சொல் வெளியே வந்துவிட்டது. பேத்தி நிமிர்ந்து பார்த்தாள். அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவள் பெயரை முழுதாக, பள்ளிப் பதிவேட்டில் இருப்பதுபோல், அப்பா பெயரோடு சேர்த்துச் சொன்னார்.