மதில் உயரம் இருக்கட்டும், சுவிட்ச்போர்டு எந்த மாடியில்?

கடலோர அணுமின் நிலையம் என்று பேச்சு வந்தாலே எல்லோரும் முதலில் கேட்பது, சுனாமித் தடுப்புச் சுவர் எத்தனை மீட்டர் என்றுதான். டிவி விவாதத்திலும் அதே, அதிகாரிகளின் பதிலிலும் அதே. மீட்டரைச் சொல்லிவிட்டால் இரண்டு தரப்புக்கும் திருப்தி. இதுவரை நடந்த சம்பவங்களை எடுத்து வைத்துப் பார்த்தால் தண்ணீர் பாதி நேரம் சுவரைத் தாண்டி வரவே இல்லை; ஓட்டை வழியாக வந்திருக்கிறது. தாண்டி வந்த இடத்திலும் சேதத்தின் அளவைத் தீர்மானித்தது எந்த மின்சாரப் பெட்டி எந்தத் தளத்தில் இருந்தது என்பதுதான்.

ஜப்பானின் ஃபுகுஷிமா டாய்ச்சி அணுமின் நிலையத்திலிருந்தே ஆரம்பிக்கலாம். 2011 மார்ச் 11 அன்று அங்கே வெளி மின்சாரம் போனால் உலையைக் குளிர்விக்க, ஆறு உலைகளுக்கும் சேர்த்து 13 அவசர டீசல் ஜெனரேட்டர்கள் இருந்தன. சுனாமிக்குப் பிறகு மின்சாரம் தந்தது ஆறாம் உலையின் ஒன்று மட்டும். இதுவரை பலருக்கும் தெரியும். பலருக்குத் தெரியாதது, 2 மற்றும் 4-ஆம் உலைகளுக்கான, காற்றால் குளிரும் இரண்டு ஜெனரேட்டர்களும் நனையாமல் தப்பின என்பது. எரிபொருள் குளக் கட்டடத்தின் தரைத்தளத்தில் அவை பத்திரமாகவே இருந்தன. ஆனால் அவற்றின் மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் சுவிட்ச்போர்டு பேஸ்மென்ட்டில் இருந்தது. அது முழுகியது. எஞ்சின் நன்றாக இருந்தும் கரண்ட் போக வழி இல்லை.

பேட்டரி கதையும் இதேதான். 1, 2-ஆம் உலைகளின் பேட்டரிகள் தண்ணீரில் போயின. மூன்றாம் உலையின் பேட்டரி பேஸ்மென்ட்டுக்கும் தரைத்தளத்துக்கும் இடையில் இருந்த இடைத்தளத்தில் இருந்ததால், உலையின் நிலையைக் காட்டும் மீட்டர்களும் நீராவியால் ஓடும் பம்பும் ஒரு நாளுக்கும் மேல் தாக்குப்பிடித்தன. முதல் உலையில் மின்சாரம் போனதும், பம்ப் இல்லாமலே உலையைக் குளிர்விக்கும் ஐசொலேஷன் கண்டென்சரின் வால்வுகள் மூடிக்கொண்டன. கன்ட்ரோல் மின்சாரம் இல்லையென்றால் குழாய் எங்கோ உடைந்ததாக எடுத்துக்கொண்டு மூடிவிட வேண்டும் என்பது அதன் வடிவமைப்பு. பாதுகாப்புக்காகச் செய்த ஏற்பாடே அன்று உலையைக் குளிர்விக்கும் வழியை அடைத்தது. கடைசியில் ஊழியர்கள் கார், பஸ் பேட்டரிகளைக் கழற்றி வந்து மீட்டர் பார்த்தார்கள். மூன்றாம் உலையின் அழுத்தத்தைக் குறைக்கும் வால்வைத் திறக்க, 12 வோல்ட் பேட்டரி பத்தைத் தொடராக இணைத்து 120 வோல்ட் கொடுத்தார்கள். ஓர் அணுவுலையின் கடைசி நம்பிக்கை பார்க்கிங்கில் நின்ற கார்களின் பானெட்டுக்குள் இருந்தது என்பதை ஒருமுறை யோசித்துப் பாருங்கள்.

இப்போது கணக்குக்கு வருவோம். அந்த நிலையம் 1960-களில் உரிமம் பெற்றபோது எதிர்பார்த்த சுனாமி உயரம் 3.1 மீட்டர். 1960 சிலி சுனாமி அருகிலிருந்த ஒனஹாமா துறைமுகத்தில் பதிவான உயரம் அது. 2002-இல் அது 5.7 ஆனது, 2009-இல் 6.1. நடுவே 2008-இல் நிலையத்தை நடத்திய நிறுவனம் உள்ளுக்குள் போட்ட ஒரு கணக்கு 15.7 மீட்டர் என்று காட்டியது. அதை மேற்கொண்டு ஆராயச் சொல்லி அனுப்பிவிட்டு அப்படியே வைத்துக்கொண்டார்கள். முதல் நான்கு உலைகள் நின்ற தரை கடல்மட்டத்திலிருந்து 10 மீட்டர். வந்த தண்ணீர் 14, 15 மீட்டர்.

கணக்கு மாறிக்கொண்டேதான் இருக்கும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மறுமதிப்பீடு செய்கிறவர்கள் கேட்க வேண்டியது வேறு: போட்ட கணக்கைவிட ஒரு சாண் அதிகமாக வந்தால் ஒரு சாண் அளவுக்குச் சேதமா, இல்லை மொத்தமும் போச்சா? பத்து மீட்டர் தரையில் 9.9 வந்தால் ஒன்றும் ஆகாது, 10.5 வந்தால் டர்பைன் கட்டடத்தின் கதவு வழியாக இறங்கி ஜெனரேட்டர், சுவிட்ச்போர்டு, பேட்டரி மூன்றையும் ஒரே நேரத்தில் மூழ்கடிக்கும். இப்படி ஒரு விளிம்பு இருக்கும்வரை சுவரை இன்னும் இரண்டு மீட்டர் ஏற்றுவது விளிம்பை இரண்டு மீட்டர் தள்ளிவைப்பதோடு சரி.

அதே நாளில் ஜப்பானிலேயே தப்பித்த இரண்டு நிலையங்களைப் பற்றி நம் பக்கம் யாரும் பேசுவதில்லை. ஒனகாவாவின் தரை 14.8 மீட்டர். நிலநடுக்கத்தில் தரை ஒரு மீட்டர் தாழ்ந்தது, சுனாமி சுமார் 13 மீட்டர் வந்தது. ஒரு மீட்டருக்கும் குறைவான இடைவெளியில் தப்பியது. அப்படியும் இரண்டாம் உலைக் கட்டடத்தின் கீழ்த்தளத்துக்குள் கடல்நீர் வந்தது. எப்படி? கடல்நீர் பம்ப் இருக்கும் குழியில் நீர்மட்டம் அளக்கும் கருவிக்கு ஒரு மூடி. கீழிருந்து ஏறிய அழுத்தத்தில் அது திறந்துகொண்டது. அங்கிருந்து குழாய்கள் போகும் சுரங்கப்பாதை வழியாக உள்ளே. இரண்டு டீசல் ஜெனரேட்டர்கள் செயலிழந்தன.

டோகாய் இன்னும் பாடமானது. 2007-இல் மாகாண அரசின் புது மதிப்பீட்டைப் பார்த்துவிட்டு கடல்நீர் பம்புகளைக் காக்கும் 4.9 மீட்டர் சுவரை 6.1 ஆக்கினார்கள். வந்தது சுமார் 5.4. பழைய சுவராக இருந்திருந்தால் கதை வேறு. ஆனால் சுவர் எழுந்தாலும் கேபிள் நுழையும் ஓட்டைகளை அடைக்கும் வேலை ஒரு பகுதியில் பாக்கி. அதன் வழியாகத் தண்ணீர் புகுந்து, டீசல் ஜெனரேட்டர்களைக் குளிர்விக்கும் மூன்று பம்புகளில் ஒன்று போனது. மீதி இரண்டு காப்பாற்றின. கொத்தனார் வேலை முடிந்தது, பூச்சு வேலை நின்றது என்பது எவ்வளவு பழக்கமான விஷயம்!

சுனாமியே தேவையில்லை. 1999 டிசம்பர் 27 இரவு பிரான்சின் ஜிரோந்து கழிமுகத்தில் இருக்கும் பிளேயே நிலையத்தில், புயற்காற்று எழுப்பிய அலை கரையைத் தாண்டியது. உயர்ந்த ஓதம், புயலால் ஏறும் நீர் இரண்டையும் கணக்கில் சேர்த்திருந்தார்கள், அதன் மேல் காற்று எழுப்பும் அலையை விட்டுவிட்டார்கள். கேபிள் வழிகளும் கதவுகளும் தாங்கவில்லை. அதே புயல் வெளி மின்கம்பிகளையும் அறுத்தது, நிலையத்துக்குப் போகும் சாலையையும் மூழ்கடித்தது. மூன்றும் தனித்தனி ஆபத்து என்று தனித்தனி அத்தியாயத்தில் எழுதி வைத்திருந்தார்கள். ஒரே இரவில் சேர்ந்து வந்தன. நம் நாட்டில் 1994 ஜூனில் குஜராத்தின் கக்ராபார் அணுமின் நிலையத்தில் நடந்தது மழைவெள்ளம். அங்கேயும் அடைக்காத கேபிள் டிரெஞ்ச்தான் டர்பைன் கட்டடத்துக்கு வழி காட்டியது. 2004 டிசம்பர் 26 அன்று கல்பாக்கத்திலும் கடல் வந்தது, தண்ணீரை உள்ளே கொண்டுவரும் சுரங்கம் வழியாகவே பம்ப் ஹவுஸுக்குள். உலை பத்திரமாக நிறுத்தப்பட்டு ஒரு வாரத்தில் மீண்டும் ஓடியது.

ஆகவே மறுமதிப்பீடு என்றால் கம்ப்யூட்டர் கணக்கோடு, டார்ச்சும் ஸ்கெட்சுமாக ஒவ்வொரு கீழ்த்தளத்தையும் நடந்து பார்ப்பதும் சேர வேண்டும். ஒவ்வொரு குழாய், கேபிள் நுழையும் இடத்திலும் அடைப்பு எத்தனை மீட்டர் நீரழுத்தம் தாங்கும்? புதுக் கேபிள் இழுத்தபின் திரும்ப அடைத்தார்களா? வெளியிலிருந்து பம்ப் இணைக்கும் வாய் இடிபாட்டுக்கு அடியில் போகாத இடத்தில் இருக்கிறதா? எதிரெதிர் பக்கமாக இரண்டு இருக்கிறதா? ஃபுகுஷிமாவில் தீயணைப்பு வண்டி உள்ளே தள்ளிய தண்ணீரில் ஒரு பகுதி கிளைக் குழாய்கள் வழியாக வேறெங்கோ போனது பின்னாளில்தான் தெரிந்தது. எந்த வால்வுகளை மூடினால் மொத்தத் தண்ணீரும் உலைக்குப் போகும் என்பதை முன்பே எழுதி வைக்க வேண்டும். அங்கே மின்சாரம் தரும் ஜெனரேட்டர் வண்டிகள் வந்தும் ஒரு டன்னுக்கும் மேல் எடையுள்ள 200 மீட்டர் கேபிளை ஆட்கள் கையால் இழுத்தார்கள். இணைத்த சற்று நேரத்திலேயே முதல் உலைக் கட்டடம் வெடித்து கேபிள் நாசமானது. முன்பே பதித்த கேபிள் இருந்தால் இந்த மணி நேரங்கள் மிச்சம்.

நிலையத்தின் வேலிக்கு வெளியே வந்தால் நிலைமை இன்னும் மோசம். 2024 ஜனவரி 1 அன்று ஜப்பானின் நோட்டோ நிலநடுக்கத்தின்போது ஷிக்கா நிலையத்தின் இரண்டு உலைகளும் ஏற்கெனவே நிறுத்தப்பட்டிருந்தன, நல்லவேளை. அங்கே எழுதி வைத்திருந்த திட்டம்: முதலில் வீட்டுக்குள் இரு, பிறகு சாலை வழியாக வெளியேறு, எங்கே எவ்வளவு கதிர்வீச்சு என்பதை அளவீட்டு நிலையங்கள் சொல்லும். வீடுகள் இடிந்து கிடந்தன. சாலைகள் பிளந்திருந்தன. 116 அளவீட்டு நிலையங்களில் 18 வரை தகவல் அனுப்பவில்லை. திட்டத்தின் மூன்று கால்களையும் அதே நிலநடுக்கம் உடைத்தது.

அயோடின் மாத்திரை விஷயமும் இப்படித்தான். வயது வந்தோருக்கு 130 மில்லிகிராம் பொட்டாசியம் அயோடைடு, 3 முதல் 12 வயதுக்கு அதில் பாதி. கதிரியக்க அயோடின் உடலுக்குள் போவதற்குச் சற்று முன்போ, போன சில மணி நேரத்துக்குள்ளோ விழுங்கினால்தான் பயன். அதுவும் தைராய்டுச் சுரப்பியை மட்டும்தான் காக்கும். கிடங்கில் பூட்டி வைத்து, மேலிடத்து உத்தரவு வந்தபின் கொடுக்கலாம் என்பது வேலைக்காகாது. 2011-இல் உத்தரவுக்குக் காத்திராமல் மக்களுக்கு மாத்திரை கொடுத்தது ஃபுகுஷிமா மாகாணத்தின் மிஹாரு என்ற சிற்றூர் நிர்வாகம். மாகாண அரசு அதைத் திரும்பப் பெறச் சொன்னது!

கல்பாக்கத்தில் 2004 அலை நிலையத்தைவிட ஊழியர் குடியிருப்பைத்தான் கடுமையாக அடித்தது. அங்கே உயிர்கள் போயின. அடுத்த ஷிப்ட்டுக்கு வர வேண்டியவர்களே கடற்கரையில் குடியிருக்கிறார்கள் என்பதை எந்த மதிப்பீடும் எண்ணாமல் இருக்க முடியாது. இந்தியாவில் அவசரத் திட்டம் நிலையத்தைச் சுற்றி 16 கிலோமீட்டர் தூரத்துக்குப் போடப்படுகிறது. அடுத்த ஒத்திகையை ஒரு வெயில் நாள் காலையில், முன்கூட்டியே தகவல் கொடுத்து வைக்காதீர்கள். கார்த்திகை அடைமழையில், இரவு எட்டு மணிக்கு, செல்போன் டவர் வேலை செய்யவில்லை என்று வைத்துக்கொண்டு நடத்துங்கள். கல்பாக்கத்தை ஒட்டிய சதுரங்கப்பட்டினத்தில் படுத்த படுக்கையாக இருக்கும் ஒரு முதியவரை யார் தூக்குகிறார்கள், எந்த வண்டியில், அந்த வண்டி கிழக்குக் கடற்கரைச் சாலையை எத்தனை நிமிடத்தில் தொடுகிறது என்று எழுதி, அந்தத் தாளை அப்படியே ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டுங்கள்.