கியோர்க் எல்சருக்குப் பின்னால் யார் இருந்தார்கள்?

அரசியல் தலைவர்களைக் கொல்ல முயன்றவர்களின் இளமைக்காலத்தை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரு காயத்தைத் தேடிக்கொண்டே எழுதுகிறார்கள். குடிகாரத் தகப்பன், கடனில் மூழ்கிய வீடு, நிலைக்காத வேலை, முறிந்த உறவு ஆகியவற்றில் ஏதேனும் இரண்டு கிடைத்துவிட்டால் வெடிகுண்டுக்கான காரணமும் கிடைத்துவிட்டதாக அந்த எழுத்து நிம்மதி அடைந்துவிடுகிறது. 1939 இல் ஹிட்லரைக் கொல்ல முயன்ற தச்சுத் தொழிலாளி கியோர்க் எல்சரின் வாழ்க்கையில் இந்த நான்குமே உண்டு. ஆனாலும் அவற்றைக் கொண்டு அவரைப் புரிந்துகொள்ள முடியாது என்றும், அப்படிப் புரிந்துகொள்ள முயல்வது அவரை விசாரித்த, நாஜிகளின் ரகசியக் காவல்துறையான கெஸ்டாபோ செய்த தவறையே வேறு வடிவில் செய்வதாகும் என்றும் நான் கருதுகிறேன்.

நிகழ்ச்சியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1923 இல் தோற்றுப்போன தன் ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சியின் நினைவாக ஹிட்லர் ஆண்டுதோறும் நவம்பர் 8 அன்று மியூனிக் நகரின் பூர்கர்ப்ராய்கெல்லர் என்னும் பெரிய மதுக்கூடத்தில் பழைய தோழர்களிடையே பேசுவார். 1939 இல் போர் தொடங்கிவிட்டதால் அன்றிரவே பெர்லின் திரும்ப வேண்டியிருந்தது. மூடுபனியால் விமானத்தை நம்ப முடியாமல் ரயிலைப் பிடிப்பதற்காகப் பேச்சை முன்கூட்டியே தொடங்கி 9.07 மணிக்கு முடித்துக்கொண்டு கிளம்பினார். 9.20 மணிக்கு அவர் நின்ற மேடைக்குப் பின்னால் இருந்த தூண் வெடித்துச் சிதறியது. எட்டுப் பேர் இறந்தார்கள், அறுபதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். இறந்தவர்களில் ஒருவர் அங்கே பரிமாறும் வேலையில் இருந்த பெண். வெடிப்பதற்கு அரை மணி நேரத்திற்கு முன்பே, சுவிட்சர்லாந்து எல்லையை ஒட்டிய கான்ஸ்டன்ஸ் நகரில், வேலியைத் தாண்டச் சில பத்து மீட்டர்களே இருந்த இடத்தில், எல்சர் சுங்கக் காவலர்களிடம் பிடிபட்டுவிட்டார்.

அவருடைய இளமைக்காலத்தைப் பற்றி நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி பெர்லினில் 1939 நவம்பர் 19 முதல் 23 வரை நடந்த விசாரணையின் பதிவிலிருந்து வருகிறது. எந்தப் பள்ளியில் படித்தாய், எந்த முதலாளியிடம் எவ்வளவு கூலி வாங்கினாய், எந்தப் பெண்ணோடு பழகினாய், யாரைச் சந்தித்தாய் என்று அந்த அதிகாரிகள் பிறப்பிலிருந்து தொடங்கி ஒன்றையும் விடாமல் கேட்டார்கள். கேட்டதன் நோக்கம் அவருடைய வரலாற்றை எழுதுவதன்று. அந்த வரலாற்றின் ஏதாவது ஒரு மூலையில் ஒளிந்திருக்கும் சூத்திரதாரியைப் பிடிப்பதுதான். அடித்துத் துன்புறுத்தப்பட்ட ஒருவர் சொன்னதை அடித்தவர்களே தட்டச்சு செய்த ஆவணம் அது என்பதை மறக்கக் கூடாது. இருந்தாலும் கூலிக் கணக்குகளும் ஊர்ப் பெயர்களும் பட்டறை வேலை நுணுக்கங்களும் வருகிற இடங்களில் அந்தக் குரல் விசாரணை அதிகாரியுடையதாக இருக்க வாய்ப்பில்லை.

எல்சர் 1903 ஜனவரி 4 அன்று வூர்ட்டெம்பெர்க் பகுதியின் ஹெர்மாரிங்கன் என்னும் சிற்றூரில் பிறந்தார். பெற்றோர் திருமணம் செய்துகொண்டது அதற்கு அடுத்த ஆண்டில்தான். குடும்பம் பிறகு கோனிக்ஸ்ப்ரான் ஊருக்குக் குடிபெயர்ந்தது. தந்தை மர வியாபாரி, சிறிது நிலமும் உண்டு, குடியும் உண்டு. இரவில் குடித்துவிட்டு வந்து வீட்டாரைப் படுத்திய பாட்டை எல்சரே சொல்லியிருக்கிறார். மூத்த பிள்ளை என்பதால் தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்வதும் வயல் வேலையும் மர வேலையும் அவர் தலையில் விழுந்தன. பள்ளியில் படம் வரைவதிலும் அழகாக எழுதுவதிலும் கணக்கிலும் நன்றாக இருந்தார், மற்றவற்றில் சுமார். இவ்வளவுதான். இந்தக் குழந்தைப் பருவத்தை அப்படியே எடுத்து அன்றைய ஜெர்மனியின் ஆயிரக்கணக்கான வீடுகளில் பொருத்தலாம், அந்த வீடுகளிலிருந்து ஹிட்லருக்குக் கைதட்டியவர்களும் வந்தார்கள்.

என்னைப் பொறுத்தவரை அவருடைய உண்மையான இளமைக்காலம் பட்டறையில்தான் தொடங்குகிறது. 1917 இல் பள்ளியை முடித்துச் சில மாதங்கள் தந்தைக்கு உதவிய பின், உள்ளூர் இரும்பாலையில் கடைசல் வேலை பழகச் சேர்ந்தார். உடல்நலம் அதற்கு ஒத்துவராமல் விலகி, 1919 இல் ஒரு தச்சு ஆசானிடம் சேர்ந்து, 1922 இல் தொழில் தேர்வில் தன் வகுப்பில் முதலாவதாகத் தேறினார். மரச்சாமான் செய்வதில் அவருக்கு ஒரு கர்வம் இருந்தது. கட்டட வேலைக்குக் கதவு ஜன்னல் செய்வதைவிட நுணுக்கமான அலமாரி வேலையையே விரும்பினார், தான் மெதுவாகச் செய்தாலும் துல்லியமாகச் செய்பவன் என்பதில் உறுதியாக இருந்தார். 1923 இன் பணவீக்கத்தில் வாங்கிய சம்பளம் கையில் இருக்கும்போதே மதிப்பிழந்தபோது, ஆலன் நகரின் மரச்சாமான் தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டார். உழைப்புக்கு விலை என்று ஒன்று உண்டு, அந்த விலையை யாரோ எங்கோ எடுக்கும் முடிவு இல்லாமலாக்கிவிட முடியும் என்பதை இருபது வயதில் நேரடியாகக் கண்டவர் அவர்.

1925 முதல் 1932 வரை கான்ஸ்டன்ஸ் ஏரியைச் சுற்றியே அவர் வாழ்க்கை ஓடியது. ஃப்ரீட்ரிக்ஸ்ஹாஃபன் அருகே டோர்னியர் விமானத் தொழிற்சாலையில் மரத்தாலான சுழல் விசிறிகளைச் செய்தார். பிறகு கான்ஸ்டன்ஸில் கடிகாரத் தொழிற்சாலையில் கடிகாரப் பெட்டிகள் செய்தார். அந்தத் தொழிற்சாலை மூடுவதும் திறப்பதுமாக இருந்ததால் எல்லை தாண்டிச் சுவிட்சர்லாந்திலும் சில காலம் வேலை பார்த்தார். கடைசியில் மேர்ஸ்பூர்க்கில் ஒரு கடிகார நிறுவனம் நொடித்துப்போனபோது, சம்பளப் பாக்கிக்கு ஈடாக அவருக்குக் கடிகார இயந்திரங்கள்தான் கிடைத்தன. ஏழாண்டுகள் கழித்து மியூனிக் தூணுக்குள் ஓடிக்கொண்டிருந்தவை அவையே.

இந்த ஆண்டுகளில் அவர் தனியனாக இல்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். மரபு நடனச் சங்கம் ஒன்றில் சேர்ந்து சிதர் என்னும் தந்திக் கருவியை வாசித்தார், பெண்கள் விரும்பிப் பழகினார்கள், 1930 இல் ஒரு மகனும் பிறந்தான். அந்த உறவு முறிந்தது, குழந்தைக்கான பராமரிப்புத் தொகை பின்னாளில் அவர் கூலியிலிருந்து பிடிக்கப்பட்டது, அதைப் பற்றி அவருக்குக் கசப்பும் இருந்தது. அதிகம் பேசாதவர், ஆனால் அழைத்தால் வந்து வாசிப்பவர் என்பதே அவரைப் பழகியவர்களின் நினைவு. தனிமையில் புழுங்கி வெடித்த மனிதர் என்ற சித்திரம் இங்கே பொருந்தவே இல்லை.

1932 இல் தாயின் வேண்டுகோளை ஏற்று ஊர் திரும்பினார். தந்தையின் குடியும் கடனும் சொத்தைத் தின்றுகொண்டிருந்தன, சில ஆண்டுகளில் வீடும் நிலமும் கைவிட்டுப் போயின. இந்தப் பகுதியை உளவியல் ஆர்வலர்கள் மிகவும் விரும்புவார்கள். தந்தை மீதான கோபம் நாட்டின் தந்தையாகத் தன்னைக் காட்டிக்கொண்டவர் மீது திரும்பியது என்று எழுதிவிட எவ்வளவு வசதி! அந்த விசாரணையில் எல்சர் தன் முடிவுக்குச் சொன்ன காரணங்களில் தந்தை வரவே இல்லை.

அவர் சொன்ன காரணங்கள் முதலில் கூலியைப் பற்றியவை. 1929 இல் ஒரு தச்சர் மணிக்கு ஒரு மார்க் வாங்கினார், இப்போது 68 ஃபெனிக் (நூறு ஃபெனிக் ஒரு மார்க்) மட்டுமே கிடைக்கிறது என்றார். பிடித்தங்கள் கூடிவிட்டன, தொழிலாளி விரும்பியபடி வேலை மாற முடியாது, பெற்ற பிள்ளைகள்கூட ஹிட்லர் இளைஞர் அமைப்பால் பெற்றோருடையவர்களாக இல்லாமல் போய்விட்டார்கள், வழிபாட்டிலும் முன்பிருந்த சுதந்திரம் இல்லை என்றார். அவர் மரத்தொழிலாளர் சங்க உறுப்பினர். கான்ஸ்டன்ஸில் கம்யூனிஸ்டுகளின் செம்முன்னணிப் போராளிகள் அமைப்பில் சேர்ந்து சந்தா கட்டியிருக்கிறார், 1933 வரை கம்யூனிஸ்ட் கட்சிக்கு வாக்களித்திருக்கிறார். ஆனால் கொள்கை நூல்களைப் படித்தவர் அல்லர், கூட்டங்களுக்கும் அதிகம் போகவில்லை, தொழிலாளிக்கு நல்ல கூலியும் நல்ல வீடும் கேட்கிற கட்சி என்பதால் வாக்களித்தேன் என்பதே அவர் விளக்கம். புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவரான அவர் 1939 இல் தேவாலயங்களுக்குப் போய்ப் பிரார்த்தனை செய்ததையும் மறைக்கவில்லை. கட்சிக்காரர் என்ற பெட்டியிலும் பக்தர் என்ற பெட்டியிலும் அவர் அடங்க மறுக்கிறார்.

கூலிக் கணக்கு எப்போது கொலைத் திட்டமாக மாறியது? 1936 முதல் ஹைடன்ஹைமில் உள்ள வால்டன்மையர் தொழிற்சாலையில் அவர் வேலை பார்த்தார். அங்கே வந்திறங்கும் சரக்குகளைச் சரிபார்க்கும் பணியில் இருந்ததால், என்னென்ன ஆயுத உதிரிகள் எவ்வளவு வேகத்தில் குவிகின்றன என்பதைப் பிரசங்கங்களிலிருந்து தெரிந்துகொள்ள வேண்டிய தேவை அவருக்கு இருக்கவில்லை. 1938 செப்டம்பர் இறுதியில் மியூனிக் உடன்பாட்டில் பிரிட்டனும் பிரான்சும் செக்கோஸ்லோவாக்கியாவின் ஒரு பகுதியை ஹிட்லருக்குக் கொடுத்து அமைதியை வாங்கிவிட்டதாக மகிழ்ந்தபோது, ஜெர்மனி இதோடு நிற்காது, மேலும் மேலும் கேட்கும், போர் தவிர்க்க முடியாதது என்ற முடிவுக்கு வந்தார். தலைமையை அகற்றுவதே ஒரே வழி என்று தீர்மானித்து, அந்த ஆண்டு நவம்பர் 8 அன்றே மியூனிக் போய் மண்டபத்தைப் பார்த்து வந்தார்.

அதன்பின் நடந்ததில் அவருடைய தொழில் பயிற்சி ஒவ்வொரு படியிலும் தெரிகிறது. தொழிற்சாலையிலிருந்து சிறிது சிறிதாக வெடிமருந்து எடுத்தார், போதாமல் கல்குவாரியில் கூலி வேலைக்குச் சேர்ந்தார், அங்கே காலில் அடிபட்டுக் கிடந்த நாட்களில் வரைபடத்தைச் செப்பனிட்டார். 1939 ஆகஸ்டில் மியூனிக்குக் குடிபெயர்ந்து, தான் ஏதோ கண்டுபிடிப்பில் ஈடுபட்டிருப்பதாக வீட்டுக்காரர்களிடம் சொல்லிவைத்தார். முப்பதுக்கும் மேற்பட்ட இரவுகள் மண்டபத்தில் ஒளிந்திருந்து, மூடிய பின் வெளியே வந்து, முழங்காலிட்டுத் தூணைக் குடைந்தார். முழங்கால்கள் சீழ்பிடித்தன. தூணை மூடியிருந்த மரப்பலகையில் அவர் முதலில் செய்தது, இணைப்பு கண்ணுக்குத் தெரியாத ஒரு கதவு. பகலில் அந்தத் தூணைக் கடந்துபோன யாருக்கும் சந்தேகம் வரவில்லை. எல்லாம் பொருத்தி முடித்து ஸ்டுட்கார்ட்டில் தங்கையிடம் விடைபெறப் போனவர், அங்கிருந்து நேரே எல்லைக்குப் போகாமல், கடிகாரம் சரியாக ஓடுகிறதா என்று பார்ப்பதற்காக நவம்பர் 7 இரவு மீண்டும் மியூனிக் வந்தார். வெறியில் செயல்படுகிறவர் அப்படித் திரும்பி வருவாரா என்று எண்ணிப் பாருங்கள்.

இதையெல்லாம் ஒரு தச்சன் தனியாகச் செய்தான் என்பதை ஹிட்லர் நம்பவில்லை. மறுநாளே நெதர்லாந்து எல்லையில் வென்லோவில் கடத்தப்பட்ட இரண்டு பிரிட்டிஷ் உளவு அதிகாரிகளை இதோடு முடிச்சுப்போட்டு, பிரிட்டிஷ் உளவுத்துறையே காரணம் என்று பத்திரிகைகள் எழுதின. விசாரணை அதிகாரிகள் அந்தக் கருவியை மீண்டும் செய்துகாட்டச் சொன்னார்கள், அவர் செய்துகாட்டினார். அதன் பின்னும் சூத்திரதாரி வேண்டியிருந்தார். எல்சரைச் சாக்சன்ஹவுசன் வதை முகாமில் தனிக் கைதியாக வைத்திருந்தார்கள். அங்கே தச்சு மேசையும் கருவிகளும் கொடுக்கப்பட்டன, தனக்கென ஒரு சிதர் செய்துகொண்டார். பிறகு டாக்காவு முகாமுக்கு மாற்றி, 1945 ஏப்ரல் 9 அன்று, போர் முடிய ஒரு மாதம் இருக்கும்போது, சுட்டுக் கொன்றார்கள்.

நாஜிகள் போன பிறகும் அதே கேள்வி தொடர்ந்ததுதான் வேதனை. அதே முகாம்களில் கைதியாக இருந்த பாதிரியார் மார்ட்டின் நீமொல்லர், எல்சர் நாஜிக் கட்சியின் எஸ்எஸ் படையைச் சேர்ந்தவர், ஹிட்லரின் ஏற்பாட்டில் நடந்த நாடகம் இது என்ற முகாம் வதந்தியை 1946 இல் மேடையில் சொன்னார். மதிப்புமிக்க ஒருவர் சொன்னதால் அது நிலைத்தது. மகனின் பெயருக்காகத் தாய் அவருக்குக் கடிதம் எழுதிக் கேட்க வேண்டியிருந்தது. கோப்புகளிடையே 1960களில் கண்டெடுக்கப்பட்ட விசாரணைப் பதிவு 1970 இல் அச்சில் வந்த பிறகே அந்தக் கதை உடைந்தது. அதற்குள் 1944 ஜூலை 20 அன்று ஹிட்லருக்குக் குண்டு வைத்த ராணுவ அதிகாரி ஸ்டாஃபன்பெர்க் நாட்டின் மனசாட்சியாகப் போற்றப்பட்டுவிட்டார். அவரும் அவரோடு சேர்ந்த அதிகாரிகளும் காட்டிய துணிவை நான் குறைத்துச் சொல்லவில்லை. போர் தோற்கும் நிலைக்கு வந்தபோது அவர்கள் குண்டு வைத்தார்கள், போரே வராமல் தடுக்க எண்ணியவருக்கு மியூனிக்கில் ஒரு சதுக்கம் கிடைக்க 1997 ஆனது.

1999 இல், முயற்சியின் அறுபதாம் ஆண்டில், லோதர் ஃப்ரிட்ஸே என்ற ஜெர்மன் ஆய்வாளர் இரண்டு குற்றச்சாட்டுகளை வைத்தார். முதலாவது, தொடர்பில்லாதவர்கள் சாகக்கூடும் என்று தெரிந்தும் எல்சர் கடிகாரத்தை ஓடவிட்டு விலகிப் போனார் என்பது. இது எளிதில் தள்ளிவிடக் கூடியதன்று. வேலைக்கு வந்து இறந்துபோன அந்தப் பெண்ணின் பெயரில் கேட்கப்படும் எந்தக் கேள்விக்கும் நல்ல நோக்கம் மட்டும் பதிலாகாது. இன்னும் பெரிய ரத்தக்களறியைத் தடுக்க விரும்பினேன் என்று எல்சர் சொன்னார், முயற்சி தோற்றதால் தன் எண்ணம் தவறாக இருந்திருக்குமோ என்றும் அந்த விசாரணையில் சொன்னதாகப் பதிவாகியிருக்கிறது. இரண்டாவது குற்றச்சாட்டு, போர் வருமா என்பதை மதிப்பிடும் அரசியல் தகுதி அவரைப் போன்ற ஒரு சாதாரணக் குடிமகனுக்கு இல்லை என்பது. இதை என்னால் ஏற்க முடியவில்லை. 1938 இலையுதிர் காலத்தில் அந்தத் தகுதி எல்லாம் உடைய பிரிட்டிஷ் பிரதமர் சேம்பர்லேன் ஒரு காகிதத்தை அசைத்துக்காட்டி அமைதி வந்துவிட்டது என்றார். சரக்கு வரவுப் பதிவேட்டின் முன் நின்ற தச்சர் போர் வருகிறது என்றார், பதினோரு மாதங்களில் வந்தது.

எல்சருக்குப் பின்னால் யார் இருந்தார்கள் என்று இன்றும் இணையத்தில் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். முதலில் அந்த விசாரணைப் பதிவின் கூலிக் கணக்குப் பக்கங்களைப் படித்துவிட்டுக் கேட்கட்டும்.