டிசைனர் ஆக ஆசையா? முதலில் சைட்டுக்குப் போங்கள்

சிவில் முடித்த பிள்ளைகள் கேட்பது எப்போதும் ஒரே கேள்விதான்: சைட்டுக்குப் போகட்டுமா, டிசைன் ஆஃபீஸில் சேரட்டுமா? கேட்கும்போதே பாதி முடிவு எடுத்திருப்பார்கள். வெயில், தூசி, ராத்திரி கான்கிரீட், லீவு கிடைக்காது என்று சைட் ஒரு தண்டனை மாதிரியும், ஏசியில் உட்கார்ந்து மென்பொருளில் மாடல் போடுவது ஏதோ பதவி உயர்வு மாதிரியும் அவர்களுக்கு யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள். என் கருத்து கொஞ்சம் தலைகீழ். டிசைனர் ஆக ஆசைப்படுகிறவர்தான் முதலில் சைட்டுக்குப் போக வேண்டும். சைட்டே போதும் என்கிறவர்தான் கொஞ்ச காலமாவது ஆஃபீஸில் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

ஏன் என்று ஒரு பீமை வைத்தே சொல்கிறேன். அகலம் 230 மில்லிமீட்டர். கீழே ஒரே வரிசையில் 25 மில்லிமீட்டர் கம்பி நாலு. மாடலில் எல்லாம் பச்சையாகத் தெரியும், கம்பியின் பரப்பளவு போதும். இப்போது இரண்டு பக்கமும் 30 மில்லிமீட்டர் கவர் (கம்பியை மூடி நிற்கும் கான்கிரீட்), 8 மில்லிமீட்டர் ஸ்டிரப் (கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையம்) என்று கழித்துப் பாருங்கள். மிச்சம் 154. அதில் கம்பிகளே 100 மில்லிமீட்டரை எடுத்துக்கொள்கின்றன. மூன்று இடைவெளிக்கு 54, அதாவது ஒவ்வொன்றும் 18 மில்லிமீட்டர். கான்கிரீட்டில் போடும் ஜல்லியோ 20 மில்லிமீட்டர்! எங்கே இறங்கும்? இது போதாதென்று தூண் ஜாயின்டில் குறுக்கே தூணின் கம்பிகளும் வந்து நிற்கும். ஒரே ஒரு தடவை கம்பி கட்டுபவர் பக்கத்தில் நின்று, கான்கிரீட்டை அதிரவைத்து இறக்கும் வைப்ரேட்டர் ஊசி உள்ளே போகாமல் அவர் படும் பாட்டைப் பார்த்தவர் அந்த நாலு கம்பியை இரண்டு வரிசையாகப் பிரித்திருப்பார், இல்லை பீமை அகலப்படுத்தியிருப்பார். பார்க்காதவர் டிராயிங்கை அப்படியே அனுப்பிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார்.

அப்புறம் சைட்டில் என்ன நடக்கும்? கான்கிரீட் இறங்கவில்லை என்றால் யாராவது தண்ணீர் ஊற்றுவார்கள். தண்ணீர் கூடினால் வலிமை குறையும், இது எல்லோரும் பரீட்சையில் எழுதியதுதான். ஆனால் வலிமைச் சோதனைக்கான கியூபை, அதாவது மாதிரிக் கான்கிரீட் கட்டியை, அதற்கு முன்பே எடுத்திருப்பார்கள். 28 நாள் கழித்து அது ஜம்மென்று பாஸ் ஆகும், ரிப்போர்ட் ஆஃபீஸ் ஃபைலுக்குப் போகும். ஃபைலில் இருக்கும் கான்கிரீட்டும் பீமில் இருக்கும் கான்கிரீட்டும் வேறு வேறு என்பது அன்று அங்கே நின்றவருக்கு மட்டும்தான் தெரியும்.

சரி, சைட்காரர்கள் ரொம்பச் சந்தோஷப்பட வேண்டாம். "பேப்பரில் போடுகிறவனுக்கு என்ன தெரியும்" என்கிற பேச்சும் எனக்கு ஆகாது. சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் பால்கனி ஸ்லாபுக்கு முக்கியக் கம்பி மேலே இருக்கும். கான்கிரீட் போடும்போது நாலு பேர் அதன்மேல் ஏறி நடந்தால் கம்பி கீழே அமுங்கிவிடும். "ரெண்டு இஞ்ச்தானே சார்" என்பார்கள். ஸ்லாபின் அடியிலிருந்து 120 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டிய கம்பி 70க்கு வந்தால், அது தாங்கும் திறனில் சுமார் 40 சதவீதம் காலி. கணக்கு தெரிந்த சைட் இன்ஜினியர் அன்றைக்குச் சண்டை போட்டாவது மேல் கம்பியைத் தாங்கிப் பிடிக்கும் சேர் கம்பி வைக்கச் சொல்வார். தெரியாதவர் மேலே பூசி மினுக்கிக் கொடுத்துவிடுவார்.

இந்த இரண்டு உலகமும் ஒன்றையொன்று பார்க்காமல் இருந்தால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு கனடாவின் கியூபெக் பாலத்தைத்தான் எப்போதும் சொல்வேன். அதன் ஆலோசகப் பொறியாளர் தியோடர் கூப்பர், அந்தக் காலத்தில் பெரிய பெயர். உடல்நிலை காரணமாக நியூயார்க்கிலேயே இருந்தார், இரும்புக் கட்டுமானம் எழும்பத் தொடங்கிய பிறகு பாலத்துக்குப் போகவே இல்லை. நடு ஸ்பானை, அதாவது நடுவில் இரண்டு தூண்களுக்கு இடைப்பட்ட தூரத்தை, 1,600 அடியிலிருந்து 1,800 அடியாக நீட்டினார்கள், ஆனால் கூடிய சுய எடையைச் சரியான நேரத்தில் மறுபடி கணக்கிடவில்லை. 1907 ஆகஸ்டில் கீழ்ப்பகுதி உறுப்புகள் வளைவதை சைட்டில் இருந்த இளம் பொறியாளர் நார்மன் மெக்லூர் கவனித்தார். வேலையை நிறுத்தும் துணிவோ அதிகாரமோ அங்கே யாரிடமும் இல்லை, அதனால் ரயிலேறி நியூயார்க் போய் நேரில் சொன்னார். கூப்பர் உடனே தந்தி அடித்தார், அதுவும் பாலத்துக்கு இல்லை, பென்சில்வேனியாவில் இருந்த, பாலத்தைக் கட்டிய கம்பெனியின் ஆஃபீஸுக்கு. சைட்டில் வேலை நிற்கவில்லை. அன்று மாலையே, ஆகஸ்ட் 29ஆம் தேதி, பாலம் விழுந்து 75 பேர் செத்தார்கள். வளைவைக் கண்ணால் பார்த்தவர் முடிவெடுக்க முடியவில்லை, முடிவெடுக்க வேண்டியவர் பார்க்கவில்லை.

இன்னொன்று. பெண் பிள்ளைகளை "உனக்கு ஆஃபீஸ்தான் சரி" என்று ஆரம்பத்திலேயே உட்கார வைத்துவிடுகிறோமே, அது அக்கறை மாதிரித்தான் தெரியும். பத்து வருஷம் கழித்து "சைட் அனுபவம் இல்லை" என்று சொல்லி அவர்களுக்குத் திட்ட மேலாளர் வேலை கொடுக்காமல் விடுவதும் அதே ஆட்கள்தான். சைட்டில் ஒழுங்கான கழிப்பறை கட்டிக் கொடுக்காமல் சைட் பெண்களுக்கு ஒத்துவராது என்பது என்ன நியாயம்? கட்டடம் கட்டுகிற கம்பெனிதானே அது!

ஆகவே இன்டர்வியூவுக்குப் போகும்போது சம்பளத்தோடு இதையும் கேளுங்கள். டிசைன் ஆஃபீஸ் என்றால், நான் வரைந்ததைக் கான்கிரீட் போடும் அன்று போய்ப் பார்க்க விடுவீர்களா? கான்ட்ராக்டர் கம்பெனி என்றால், டிராயிங்கில் சந்தேகம் வந்தால் டிசைனரிடம் நேராகப் பேசலாமா, இல்லை நாலு மேலதிகாரிகளைத் தாண்டித்தான் போக வேண்டுமா? இந்தக் கேள்விக்கு முகம் சுளிக்கிற இடம் என்றால், சம்பளம் கொஞ்சம் கூடவே இருந்தாலும் வேறு இடம் பாருங்கள்.