ஐந்தரை மணிக்கு வந்து பாருங்கள், ஆண்கள் இருப்பார்கள்

நம்ம ஊர் மருத்துவ முகாமில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். "ஆம்பளைங்களுக்குச் சாயங்காலம் தனியா நேரம் ஒதுக்குங்க" என்று ஒரு அண்ணன் கேட்டதும் எழுந்த சிரிப்பை வீடியோவில் பார்த்திருப்பீர்கள். மூன்று நாளாகியும் அந்தச் சிரிப்பு மனசை விட்டுப் போகவில்லை. அவர் கேட்டது நேரம் மட்டும்தான்.

நீலகிரியில் கேரட் அறுவடைக்குப் போகிறவர் ராத்திரி 2 மணிக்கே ஜீப் ஏறுகிறார், மேட்டுப்பாளையம் மண்டிக்கு மூட்டை நேரத்துக்குப் போக வேண்டும். மருந்தடிப்பவர், தேயிலை லோடு ஏற்றுபவர், டிரைவர் யாரும் பகல் 11 மணிக்கு வீட்டில் இருக்க மாட்டார்கள். 2021 ஆகஸ்டில் வந்த மக்களைத் தேடி மருத்துவம் அருமையான திட்டம், பிரஷர், சுகர் மாத்திரை வாசலுக்கே வருகிறது. ஆனால் மாத்திரை கொண்டு வரும் அக்கா கதவைத் தட்டும்போது வீட்டு ஆண் காட்டில் இருக்கிறார். அவருக்குப் பிரஷர் இருப்பதே யாருக்கும் தெரியாது. அதனால்தான் ஐந்தரை மணி கேட்கிறோம்.

அவர் வந்தாலும் பிரஷரைச் சரியாகப் பார்க்க வேண்டும். குளிருக்குப் போட்ட ஸ்வெட்டருக்கு மேலேயே பிரஷர் மிஷின் பட்டையைச் சுற்றினால் அளவு தப்பாக வரும். கையை வெளியே எடுத்து, வெறும் கையில் சுற்றுங்கள். அதற்கு முன் அரை மணி நேரம் டீ, பீடி கூடாது. ஒன்றுக்குப் போய்விட்டு வந்து, முதுகைச் சாய்த்து, பாதம் தரையில் பட 5 நிமிஷம் உட்காரணும். கை நெஞ்சு உயரத்தில் மேஜைமேல் இருக்கட்டும், பேசக் கூடாது. ஒரு நிமிஷம் விட்டு இன்னொரு முறை பாருங்கள். 140/90 தாண்டினால் வேறொரு நாளும் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். மேட்டில் ஏறி மூச்சு வாங்க வந்தவரை உடனே அளந்து பயமுறுத்தினால் அவர் அடுத்த முறை வரவே மாட்டார்.

பையன்களிடம் இதைவிட அவசரமாகப் பேச வேண்டியது ஒன்று இருக்கிறது. 12 வயதிலிருந்து 18 வரை, திடீரென்று ஒரு பக்க விதைப்பையில் கடும் வலி, கூடவே வாந்தி வந்தால், விதை முறுக்கிக்கொண்டிருக்கலாம். ரத்தம் போவது நின்றுவிடும். சுமார் 6 மணி நேரத்துக்குள் ஆபரேஷன் செய்தால் பெரும்பாலும் காப்பாற்றலாம், அதற்கு மேல் ஒவ்வொரு மணி நேரமும் நஷ்டம். பையன் வெட்கப்பட்டு "அடிவயிறு வலிக்குது" என்பான். வீட்டில் ஓமத்தண்ணி கொடுத்துப் படுக்க வைப்பார்கள். மலையில் இருக்கிற நமக்கு ஆம்புலன்ஸ் இறங்கும் நேரத்தையும் அந்த 6 மணி நேரத்துக்குள் கணக்குப் போட வேண்டும். எதுவும் சாப்பிடக் கொடுக்காமல், சர்ஜன் இருக்கிற ஆஸ்பத்திரிக்கு நேராகப் போங்கள். எந்த அப்பா மகனிடம் இதைச் சொல்லியிருக்கிறார்? அவருக்கும் யாரும் சொன்னதில்லை.

"குடிச்சுக் கெடுத்துக்கிறது அவங்கதானே?" என்று கீழே எழுதுவீர்கள். குடிக்கிறார்கள், மறுக்கவில்லை. "குளிருக்கு ஒரு கட்டிங்" என்பதே தப்பு என்று அவர்களிடம் யார் உட்கார்ந்து பேசினார்கள்? குடித்தால் தோலுக்கடியில் ரத்தக்குழாய் விரிந்து சூடு வெளியே போகும். கதகதப்பாகத் தெரியும், உள்ளே உடம்பு குளிர்ந்துகொண்டிருக்கும். கார்த்திகையில் மாலை போட்டு, தினமும் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்துவார். முதல் நாளே கை நடுங்கும், வேர்க்கும். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். மூன்றாம் நாள் இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும், புலம்புவார். "சாமி குத்தம்" என்று வீட்டிலேயே வைத்திருந்தால் உயிரே போகும். நிறுத்துவதற்கு முன்பே டாக்டரைப் பார்த்தால் மாத்திரையோடும் வைட்டமின் பி1 ஊசியோடும் பத்திரமாக நிறுத்தலாம். மாலை போடட்டும், போடுவதற்கு முன் ஆஸ்பத்திரி.

பெண்கள் படும் பாடு பெரிதில்லையா என்று கேட்பவர்களுக்கு: பெரிதுதான். முழு நாள் இலை பறித்து வந்து அடுப்பில் நிற்பவர் அவர்தான். புருஷன் பக்கவாதத்தில் படுத்தால் தூக்கிச் சுமப்பதும் அவர்தான். ஆகவே இது அவருக்காகவும் கேட்பது.

"கூப்பிட்டாலும் வரமாட்டாங்க" என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. டீக்கடைத் திண்ணையில், வாலிபால் கிரவுண்டில், கோயில் கமிட்டி கூடும் இடத்தில் மேஜை போட்டுக் கூப்பிட்டீர்களா?

பெரியவர்களையும் அப்படித்தான் விட்டுவிட்டோம். ராத்திரி நாலு முறை எழுந்து அந்தக் குளிரில் வெளியே போகிற தாத்தா, அதற்குப் பயந்து பகலில் தண்ணீரையே குறைத்துவிடுகிறார். மூத்திரப்பைக்குக் கீழே புராஸ்டேட் சுரப்பி வீங்கியிருப்பவருக்குக் கடையில் வாங்கும் சளி மாத்திரையே ஒன்றுக்குப் போவதை மொத்தமாக அடைத்துவிடலாம். அடைத்தால் அன்றே டியூப் போட்டாக வேண்டும். பாட்டி போன பிறகு அவரிடம் "சாப்பிட்டியா"வுக்கு மேல் ஒரு வார்த்தை பேச ஆளில்லை. எனக்கு எழுதவே கஷ்டமாக இருக்கிறது.

2022-ல் நாட்டில் தற்கொலையில் இறந்தவர்கள் 1,70,924 பேர் என்கிறது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். 100 பேரில் ஏறக்குறைய 72 பேர் ஆண்கள். இதை வைத்துக்கொண்டு சிரிக்க உங்களால் எப்படி முடிகிறது? மனசு கஷ்டமாக இருந்தால் அரசின் மனநல உதவி எண் 14416-க்கு எந்த நேரத்திலும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே பேசலாம். டீக்கடைச் சுவரில் இந்த எண்ணைப் பெரிதாக எழுதுங்கள்.

அந்த அண்ணன் இதைப் படித்தால் வருத்தப்பட வேண்டாம். மாதத்தில் ஒரு சனிக்கிழமை, சாயங்காலம் ஐந்தரையிலிருந்து ஏழரை, இரண்டு நர்ஸ், இரண்டு பிரஷர் மிஷின், மறைப்புக்கு ஒரு திரை, பேசுவதற்குத் தனியாக ஒரு அறை. இவ்வளவுதான் வேண்டும். மனு எழுதியாகிவிட்டது. கையெழுத்துப் போட வருகிறவர்கள் இங்கேயே சொல்லுங்கள்.